மொட்டை டயர்

(மூன்றாம் ஆண்டு, ஆட்டோமொபைல் பிரிவு)

ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று மலர்க்குழுவில் இருக்கும் நண்பன் ஒரு வாரமாக என்னை விரட்டிக் கொண்டிருந்தான். "கவிதை தரட்டுமா?" என்றேன். "ஐயா சாமி, கவிதை மட்டும் வேண்டாம். அம்மாவைப் பத்தி ஒரு கட்டு, நட்பைப் பத்தி ரெண்டு கட்டு வந்து குவிஞ்சு கெடக்குது. உனக்குத் தெரிஞ்சது எதையாவது எழுது" என்று கையெடுத்துக் கும்பிட்டான்.

எனக்குத் தெரிந்தது டயர். அதுவும் முழுசாகத் தெரியாமல், தெரிந்த மாதிரி நடித்து, அடுத்தவர் பணம் பன்னிரண்டாயிரம் ரூபாயைக் கோட்டை விட்ட பிறகு தெரிந்துகொண்டது. அதையே எழுதுகிறேன். நம் பிரிவு நண்பர்களுக்கு உபயோகப்படலாம். சிவில், இ.சி.இ. நண்பர்கள் சிரித்துவிட்டு அடுத்த பக்கம் போகலாம், கோபமில்லை.

என் அப்பா பொள்ளாச்சி ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருக்கிறார். கடை என்றால் நாலு தகரம், ஒரு கம்ப்ரஸர், ட்யூபை முக்கிப் பார்க்க ஒரு தண்ணீர்த் தொட்டி, வாசலில் அடையாளத்துக்குத் தொங்கும் ஒரு பழைய லாரி டயர். இருபத்திரண்டு வருஷமாக அதே புளியமரத்தடி. எங்கள் இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் பள்ளிக்கூடத்தைத் தாண்டி வந்தவன் நான் ஒருவன்தான். முதலாண்டு அட்மிஷன் படிவத்தில் 'தந்தையின் தொழில்' என்ற கட்டத்தில் 'சுயதொழில்' என்று எழுதினேன். பொய் இல்லை. ஆனால் ஏன் அப்படி எழுதினேன் என்பது எனக்குத் தெரியும். காலேஜ் பஸ் கடையைத் தாண்டும்போது நான் செருப்பு வாரைச் சரி செய்துகொண்டிருப்பேன். இரண்டு வருஷம் தினமும் என் செருப்பு வார் அதே இடத்தில்தான் அவிழ்ந்தது.

இரண்டாமாண்டிலிருந்து சனி, ஞாயிறுகளில் பக்கத்து ஊர் ஒர்க்‌ஷாப் ஒன்றில் வேலைக்குப் போகிறேன். அதன் முதலாளியை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். பகலெல்லாம் மற்றவர்கள் காரைப் பார்ப்பார். ராத்திரியில் தன்னுடைய பழைய மாருதி எஸ்டீமைப் பிரித்துப் போட்டுக் கொண்டிருப்பார். ரேஸ் பைத்தியம். கோயம்புத்தூர்க்காரருக்கு இந்தப் பைத்தியம் பிடிப்பதில் ஆச்சரியமில்லை. மாருதி என்ஜினை வைத்து ஒற்றை இருக்கை ரேஸ் காரை உருவாக்கிய கரிவரதன் இந்த ஊர்க்காரர்தானே. 1995-ல் விமான விபத்தில் அவர் இறந்தார். செட்டிபாளையத்தில் இருக்கும் ரேஸ் டிராக்குக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

போன வருடம் கார்த்திகை மாதம் அண்ணன் ஒரு நாள் சொன்னார். "தம்பி, அடுத்த மாசம் ஒரு ஆட்டோகிராஸ் வருது. அதுக்கப்புறம் செட்டிபாளையத்துல டிராக் நாள் ஒண்ணு. ரெண்டுக்கும் ஒரே செட் டயர்தான் என்னால போட முடியும். நீதான் படிக்கற பையன், என்ன டயர்னு நீயே பார்த்துச் சொல்லு. பன்னண்டாயிரத்துக்கு மேல கையில இல்ல."

நீதான் படிக்கற பையன்! அந்த ஒரு வார்த்தை என்னை என்ன பாடு படுத்தியது தெரியுமா? அன்று ராத்திரியே படிக்க உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் ஆட்டோகிராஸ் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஊருக்கு ஊர் அர்த்தம் மாறும். இங்கிலாந்தில் புல் முளைத்த வயலிலும் மண்ணிலும் ஓட்டுவார்கள். அமெரிக்காவில் பெரிய பார்க்கிங் இடத்தில் ரப்பர் கூம்புகளை நட்டு, அவற்றுக்கு நடுவே ஒவ்வொரு காராக விட்டு நேரம் எடுப்பார்கள். நம் நாட்டிலும் மண் தரையில் நடப்பது அதிகம். எங்கள் அண்ணன் பெயர் கொடுத்திருந்தது தார் போட்ட மைதானத்தில் கூம்பு நட்டு நடத்துவது. ஒரு ஓட்டம் ஏறக்குறைய ஒரு நிமிஷம். ஒருவருக்கு மூன்று ஓட்டம். கூம்பைச் சாய்த்தால் ஒன்றுக்கு இரண்டு விநாடி அபராதம்.

டிராக் நாள் வேறு ரகம். இருபது நிமிஷம் விடாமல் சுற்ற வேண்டும்.

இதில் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்பீர்கள். தோசைக் கல்லை நினைத்துக் கொள்ளுங்கள். ஆட்டோகிராஸ் என்பது கல்லைப் பற்ற வைத்து ஒரே ஒரு தோசை சுட்டு இறக்குகிற மாதிரி. கல் உடனே சூடேற வேண்டும், இல்லாவிட்டால் தோசை ஒட்டும். டிராக் என்பது கல்யாண வீட்டில் நிற்காமல் நூறு தோசை சுடுகிற மாதிரி. அங்கே சூடேறுவது கஷ்டமில்லை, மிஞ்சிப்போய்க் கருகாமல் இருப்பதுதான் கஷ்டம். ரப்பரும் அப்படித்தான். ஒவ்வொரு கலவைக்கும் தனக்கென்று ஒரு சூடு உண்டு. அந்தச் சூட்டுக்குக் கீழே இருந்தால் விறைத்துக் கொண்டு வழுக்கும். மேலே போனால் கொப்பளிக்கும், துண்டு துண்டாகப் பிய்யும். சுத்தமான ரேஸ் டயரை ஒரு நிமிஷ ஓட்டத்துக்குப் போட்டால் அது விழிப்பதற்குள் ஓட்டம் முடிந்துவிடும். ஒரு நிமிஷத்துக்கென்று மெதுவாகச் செய்த டயரை இருபது நிமிஷம் ஓட்டினால் பாதியிலேயே களைத்துவிடும்.

நாம் முதலாண்டு இயற்பியலில் படித்தது ஞாபகம் இருக்கிறதா? உராய்வு விசை தொடும் பரப்பைப் பொறுத்ததல்ல என்று. பத்து மார்க் கேள்வி, நானும் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். மரக்கட்டைக்கும் இரும்புக்கும் அது சரி. ரப்பர் அந்த விதிக்குக் கட்டுப்படாது. ரப்பரின் மேல் பாரம் ஏற ஏற அதன் உராய்வு எண் குறைந்து கொண்டே வரும். அதனால்தான் ரேஸ் காருக்கு அகலமான டயர். ஒரே பாரம் அதிக ரப்பரின் மேல் பரவினால் பிடிப்பு கூடும். அதனால்தான் 'ஸ்லிக்' என்ற டயரில் பட்டனே கிடையாது, சுத்த மொட்டை. வெட்டுக்கள் இல்லாததால் காய்ந்த தாரில் முழு ரப்பரும் தரையைத் தொடுகிறது. தண்ணீர் நின்றால் அதே டயர் எமன். தண்ணீர் வெளியேற வழியில்லாமல் கார் படகாகிவிடும்.

இதை அப்பாவிடம் சொன்னபோது, "மொட்டை டயரோட வர்றவனத்தான் நான் தெனம் திட்டிட்டு இருக்கேன், அத காசு குடுத்து வேற வாங்கறாங்களா?" என்று கேட்டுச் சிரித்தார்.

டயரின் பக்கவாட்டில் எழுதியிருப்பதைப் படிக்கவும் கற்றுக்கொண்டேன். 175/70 ஆர்13 82டி. அகலம் 175 மில்லிமீட்டர், சுவரின் உயரம் அதில் 70 சதவீதம், ரேடியல், ரிம் 13 அங்குலம். 82 என்றால் 475 கிலோ தாங்கும். டி என்றால் மணிக்கு 190 கிலோமீட்டர் வரை. சில டயரில் 'டிரெட்வேர்' என்று இன்னொரு எண் இருக்கும். அது அமெரிக்க அரசின் கணக்கு. ஒப்பீட்டு டயருக்கு 100 என்றால் 200 போட்டது இரண்டு மடங்கு உழைக்கும். எண் குறையக் குறைய பெரும்பாலும் ரப்பர் மெது, பிடிப்பு அதிகம். அமெரிக்காவில் சாதாரண டயர் பிரிவில் ஆட்டோகிராஸ் ஓட்டுகிறவர்கள் 200-க்குக் கீழே போடக்கூடாது என்று விதி. அந்த எண்ணைக் கொடுப்பது டயர் செய்கிற கம்பெனியே. அதனால் ஒரு கம்பெனியின் 200-ஐ இன்னொரு கம்பெனியின் 200-உடன் ஒப்பிட்டு ஏமாறக் கூடாது.

இவ்வளவும் தெரிந்துகொண்டேன் நண்பர்களே. அப்புறம்தான் அந்தத் தப்பைச் செய்தேன்.

ஒருவரிடம் ரேஸில் ஓட்டிய 'செமி ஸ்லிக்' டயர் நான்கு, செகண்ட் ஹேண்டில் இருப்பதாகத் தெரிந்தது. போய்ப் பார்த்தேன். பட்டன் முக்கால்வாசி மிச்சம். வெடிப்பு இல்லை. கறுப்பாக, பளபளவென்று இருந்தது. நான்கும் சேர்த்துப் பன்னிரண்டாயிரம். புதுசாக வாங்கினால் இந்தக் காசுக்கு ஒரு டயர்கூட வராது என்றார் விற்றவர். அண்ணனுக்குப் போன் போட்டேன். "நீ பார்த்துட்டியா? சரி, எடு" என்றார். அவ்வளவுதான். ஒரு குட்டி யானையில் ஏற்றிக்கொண்டு வரும்போது இருட்டிவிட்டது. ஒர்க்‌ஷாப் பூட்டியிருந்ததால் அன்றைக்கு அப்பா கடையில் இறக்கினேன்.

அப்பா கையைத் துடைத்துக் கொண்டு வந்தார். டயரைச் சுற்றி வந்தார். குனிந்து பட்டன் மேல் கட்டை விரல் நகத்தை வைத்து அழுத்தினார். எடுத்தார். மறுபடி வேறு இடத்தில் அழுத்தினார்.

"கண்ணு, இதுல நகம் எறங்க மாட்டேங்குது. ரப்பரு செத்துப் போச்சு."

"அப்பா, இது ரேஸ் டயருங்க. உங்க லாரி டயர் மாதிரி கிடையாது. ஓடுனா சூடாகி மெதுவாகும்."

அவர் பதில் சொல்லவில்லை. டார்ச்சை எடுத்து சுவரில் எதையோ தேடினார். அப்பாவுக்கு இங்கிலீஷ் எழுத்துத் தெரியாது. எண் தெரியும். நான்கு எண்கள் போட்ட ஒரு சின்ன முட்டை வடிவக் கட்டத்தில் விரலை வைத்தார். 1817. "பதினேழாம் வருஷம், பதினெட்டாவது வாரம். ஏழு வருஷத்துக்கு மேல ஆச்சு சாமி."

நான் அத்தனை புத்தகம் புரட்டியும் அந்த நான்கு எண்களைப் பார்க்கவேயில்லை. பார்க்காமல் விட்டது தப்பென்றால், அப்புறம் நான் சொன்னதை என்னவென்று சொல்வது? "இதெல்லாம் உங்களுக்குப் புரியாதுங்கப்பா" என்றேன். கடையில் வேலை செய்யும் பையனும், பஞ்சர் ஒட்ட வந்து நின்ற இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பா டார்ச்சை அணைத்தார். "செரி. நீ படிச்சவன்" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. கிண்டலாகச் சொல்லியிருந்தால் எவ்வளவோ தேவலை.

மார்கழி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழு மணி. கோயம்புத்தூர் மார்கழிக் குளிர் உங்களுக்குத் தெரியும், வாயைத் திறந்தால் புகை வரும். அண்ணன் முதல் ஓட்டம் போனார். முதல் வளைவிலேயே ஸ்டீரிங்கைத் திருப்பியும் கார் நேராகப் போனது. மூன்று கூம்பு காலி. திரும்பி வந்தவர், "சோப்பு மேல ஓட்டற மாதிரி இருக்குது தம்பி" என்றார். "சூடாகலைங்கண்ணா, அடுத்ததுல சரியாயிரும்" என்றேன். டயரைத் தொட்டுப் பார்த்தேன். ஐஸ்.

இரண்டாவது ஓட்டத்தில் அவர் வேகத்தைக் கூட்டினார். நான் சொன்னதை நம்பித்தான் கூட்டினார். கடைசி வளைவில் பின்பக்கம் வீசி, கார் ஒரு முழுச் சுற்று சுற்றி, ஓரத்தில் அடுக்கியிருந்த பழைய டயர் சுவரில் போய் மோதியது. நான் ஓடிய வேகத்துக்கு எனக்கு நேரம் எடுத்திருந்தால் பரிசு கிடைத்திருக்கும். ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு அண்ணன் இறங்கினார். அடி இல்லை. ஹெட்லைட் உடைந்து, மட்கார்டு மடங்கிக் கிடந்தது. "விடு தம்பி, தகரந்தானே" என்றார். அதற்கப்புறம் வீடு வரும் வரை அவர் பேசவில்லை.

எது தப்பு என்று அப்புறம் உட்கார்ந்து யோசித்தேன். தப்பு இரண்டு. ஒன்று, நூறு தோசைக் கல்லை ஒரு தோசைக்கு வைத்தது. அந்த டயர் புதுசாக இருந்திருந்தாலும் அந்தக் குளிரில் முதல் ஓட்டத்தில் திணறியிருக்கும். இரண்டாவது, வயசு. ரப்பர் சும்மா கிடந்தாலும் காற்றில் இருக்கும் ஆக்ஸிஜன் பட்டுப் பட்டு இறுகிக்கொண்டே வரும். ரேஸில் ஓட்டிய டயருக்கு இன்னொரு கேடும் உண்டு. ஒவ்வொரு முறை நன்றாகச் சூடாகி ஆறும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக விறைக்கும். பட்டன் அப்படியே இருக்கும், பிடிப்பு போயிருக்கும். நான் பட்டன் ஆழத்தைப் பார்த்தேன். அப்பா ரப்பரைப் பார்த்தார்.

விற்றவருக்குப் போன் செய்தேன். "போட்டு ஓட்டிட்டு வந்து கேட்டா எப்படித் தம்பி?" என்று வைத்துவிட்டார்.

ராத்திரி அப்பாவிடம் சொன்னேன். முதலில் அவர் கேட்டது, "அந்தத் தம்பிக்கு அடி கிடி பட்டுதா?" என்பதுதான். இல்லை என்றேன். சாப்பிட்டு முடித்தார். மறுநாள் விடிந்ததும் நான் கிளம்புவதற்குள் லுங்கியோடு, அந்த அழுக்கு டூல்ஸ் பையோடு ஒர்க்‌ஷாப்புக்கே போய்விட்டார். நான் பின்னாலேயே ஓடினேன். அண்ணன் எழுந்து நின்று, "வாங்க, யாருங்க?" என்றார். "என்ற பையன்தானுங்க டயர் வாங்கிக் குடுத்தது" என்றார் அப்பா.

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். "உங்கப்பா டயர் கடையா வெச்சிருக்காரு? ஒன்றரை வருஷமா எங்கிட்ட வேலை பாக்கற, ஒரு நாள் சொல்லல. சொல்லியிருந்தா அவரையே கூட்டிட்டுப் போய்ப் பார்த்து வாங்கியிருப்பேனேப்பா!"

அப்பா என்னைப் பார்க்காமல் டயரைப் பார்த்துக் கொண்டிருந்தார். இதற்கு மேல் இந்த இடத்தைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை.

டிராக் நாளுக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது. இந்த முறை புது டயர், சாதாரண ரோட்டு டயர், ஆனால் நாலு மாதத்துக்குள் தயாரானது என்று மூன்று பேரும் முடிவு செய்தோம். பணம் பத்தாயிரத்துக்கு மேல் அண்ணனால் முடியாது. அப்பா சொன்னார்: "முன்னாடிக்கு ரெண்டு மட்டும் புதுசு போடுங்க. முன் சக்கரந்தானே இழுக்குது, அதுதானே திரும்புது. பின்னாடிக்குப் பழசு போதும்." இருபத்திரண்டு வருஷமாக வருகிற ஆட்களுக்கெல்லாம் அவர் சொல்லும் யோசனை இது. ஊரில் எல்லாக் கடையிலும் இதையேதான் சொல்கிறார்கள்.

இங்கே நான் ஒப்புக்கொள்ளவில்லை. அன்றைக்குப் பேசிய மாதிரிப் பேசாமல், பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். முன்னால் பிடிப்பு அதிகமாகி, பின்னால் குறைவாக இருந்தால் வேகமான வளைவில் முன்பக்கம் திரும்பிவிடும், பின்பக்கம் வெளியே வீசும். கூம்பு வளைவில் மெதுவாகப் போகும்போது சிலர் வேண்டுமென்றே அப்படி வைப்பதுண்டு, கார் சுலபமாகத் திரும்பும் என்று. நூறில் போகும்போது அது சாவு. முன்பக்கம் வழுக்கினால் காலை எடுத்துச் சமாளிக்கலாம். பின்பக்கம் வீசினால் சாதாரண ஆளால் முடியாது. அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். "லோடு எறக்கிட்டுச் சும்மா வர்ற லாரி மழையில பின்னாடி வீசும். பார்த்திருக்கேன்" என்றார். பிறகு, "அப்ப நாலும் ஒண்ணாப் போடோணும்" என்றார். வீட்டுக்குப் போய் சீட்டுப் பணத்தில் 7,200 ரூபாய் எடுத்து வந்தார். நான்கு டயருக்கு 17,200 ஆனது.

டயரைத் தேர்ந்தெடுப்பது கடையோடு முடிந்துவிடாது. உள்ளே காற்று எவ்வளவு என்பதும் அதில் சேர்த்திதான். கடையின் தகரக் கதவில் சாக்பீஸால் கணக்குப் போட்டேன். டயரின் கொள்ளளவு ஏறக்குறைய மாறாது, ஆகவே அழுத்தம் வெப்பநிலையோடு ஏறும். 30 பாயிண்ட் காற்று என்றால் வெளிக்காற்றையும் சேர்த்து 44.7. காலையில் 30 டிகிரி, அதாவது 303 கெல்வின். ஓடிச் சூடாகி 70 டிகிரி, 343 கெல்வின். பெருக்கி வகுத்தால் 50.6. வெளிக்காற்றைக் கழித்தால் 36-க்குக் கொஞ்சம் கம்மி. ஒரு பொட்டுக் காற்றுகூட அடிக்காமலே ஆறு பாயிண்ட் ஏறிவிடுகிறது! சூட்டில் 33 வேண்டுமென்றால் கிளம்பும்போது 27 தான் வைக்க வேண்டும். அப்பா அந்தக் கணக்கை ரொம்ப நேரம் பார்த்துக் கொண்டிருந்தார். "வெயில் காலத்துல மத்தியானம் வர்ற வண்டிக்குக் காத்தை எறக்கக் கூடாது, காலைல பார்த்தாத்தான் சரியா இருக்கும்னு சொல்லுவேன். ஏன்னு தெரியாது. இதான் போல" என்றார்.

தினமும் காலையில் கம்ப்ரஸர் டேங்கின் அடியில் இருக்கும் குழாயைத் திறந்து தண்ணீரை இறக்குவது அவர் வழக்கம். டேங்க் துருப்பிடிக்கும் என்பதற்காக. அந்த ஈரம் டயருக்குள் போனால் சூட்டில் ஆவியாகி, என் கணக்கையும் தாண்டி அழுத்தம் ஏறும் என்று சொன்னேன். அன்றைக்கு இரண்டு முறை இறக்கினார்.

செட்டிபாளையம் டிராக் ஒரு சுற்று இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். அப்பா அதற்கு முன் ரேஸ் பார்த்ததில்லை. தன்னுடைய பித்தளைக் காற்று மீட்டரைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தார். டயரின் ஓரத்தில், பட்டன் முடிந்து சுவர் தொடங்கும் இடத்தில் குறுக்காக சாக்பீஸ் கோடு போட்டோம். இது செலவில்லாத சோதனை. ஓடிவிட்டு வந்த பிறகு கோடு சுவர் வரைக்கும் அழிந்திருந்தால் காற்று போதவில்லை, டயர் புரண்டு சுவரில் ஓடுகிறது. பட்டன் ஓரத்தில்கூடக் கோடு அழியாமல் இருந்தால் காற்று அதிகம். பட்டன் முனை வரைக்கும் அழிந்து நின்றால் சரி.

முதல் சுற்றுக்கு 30 வைத்து அனுப்பினோம். அண்ணன் இருபது நிமிஷம் ஓட்டி வந்து நின்றதும் அப்பா குனிந்து மீட்டரை வைத்தார். "முப்பத்தஞ்சு" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "உன்ற கணக்குல ஒரு பாயிண்ட் ஒதைக்குது. மீட்டர் வெக்கறப்ப புஸ்ஸுன்னு கொஞ்சம் போச்சில்ல, அதாயிருக்கும்" என்றார். சாக்பீஸ் கோடு ஓரத்தில் அப்படியே இருந்தது. ஆற வைத்து 27-க்கு இறக்கி அனுப்பினோம். இரண்டாவது ஓட்டத்தில் கோடு சரியான இடத்தில் நின்றது. ஆனால் ஐந்தாறு சுற்றுக்கப்புறம் டயர் மசமசவென்று ஆகிவிடுகிறது என்றார் அண்ணன். புது டயரில் பட்டன் உயரமாக இருப்பதால் அது நெளிந்து நெளிந்து சூடேறும். பட்டன் ஓரமெல்லாம் பிய்ந்து போயிருந்தது. காய்ந்த டிராக்குக்கு என்றே புது டயரைச் சீவிக் குறைத்து ஓட்டுகிற ஆட்கள் உண்டு. அதைச் சொன்னதும் அப்பா முகம் போன போக்கை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நாலாயிரத்து முந்நூறு ரூபாய் டயரைச் சீவுவதா! கடைசியில் ஐந்து சுற்று ஓட்டி, ஒரு சுற்று மெதுவாகப் போய் ஆறவிட்டு, மறுபடி ஓட்டுவது என்று வைத்துக் கொண்டோம். நேரம் பெரிதாகக் குறையவில்லை. கார் முழுசாக வீட்டுக்கு வந்தது.

சாப்பாட்டு நேரத்தில் அண்ணன் அப்பாவிடம் ஒரு பழைய கதை சொன்னார். நம் ஊர் நாராயண் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர் அல்லவா? அந்த வருடம் ஜூன் 19-ம் தேதி அமெரிக்காவில் இண்டியானாபோலிஸில் போட்டி. பயிற்சியின்போது சாய்வான 13-வது வளைவில் ரால்ஃப் ஷூமாக்கரின் கார் டயர் பழுதாகிச் சுவரில் மோதியது. தன் டயர் அந்த வளைவைத் தாங்கும் என்று உறுதி சொல்ல முடியாது என மிஷலின் கம்பெனியே சொல்லிவிட்டது. இருபது காரில் பதினான்கு மிஷலின் கார்கள். முன்னோட்டச் சுற்று முடிந்ததும் பதினான்கும் அப்படியே உள்ளே திரும்பிவிட்டன. மிச்சம் பிரிட்ஜ்ஸ்டோன் டயர் போட்ட ஆறு கார்கள் மட்டும் போட்டி போட்டன. நாராயண் நான்காவதாக வந்து ஐந்து புள்ளி வாங்கினார். "அப்புறம் டிக்கெட் வாங்குனவங்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர்றோம்னு மிஷலினே முன்வந்ததுங்க" என்றார் அண்ணன்.

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே, "பரவால்லையே. இவனுக்கு டயர் வித்தவன் தரலியே" என்றார். அண்ணனுக்குப் புரையேறிவிட்டது.

சீட்டுப் பணம் 7,200-ஐ மாதம் 600 ரூபாய் வீதம் அப்பாவுக்குத் திருப்பிக் கொடுத்து வருகிறேன். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை, வாங்கி எண்ணிப் பார்த்துத்தான் பையில் வைக்கிறார். ஐந்து தவணை முடிந்தது. அந்த 1817 டயர்கள் நான்கும் கடை வாசலில் கிடக்கின்றன. காத்திருக்கிறவர்கள் உட்காருகிறார்கள். செகண்ட் ஹேண்ட் டயர் வாங்க நினைக்கிற நண்பர்கள் யாராவது இருந்தால் வாங்குவதற்கு முன் ஒருமுறை வந்து அதில் நகத்தை வைத்து அழுத்திப் பார்த்துவிட்டுப் போங்கள். பொள்ளாச்சி ரோட்டில் காலேஜ் பஸ் போகும்போது இடது பக்கம், புளியமரத்தடி, லாரி டயர் தொங்கும். என் பெயரைச் சொன்னால் சைக்கிளுக்குக் காற்றுக்குக் காசு வாங்க மாட்டார். பைக்குக்கு வாங்குவார்.